நிஜாமின் கடன் கணக்கு

(தோட்டக் கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டம் முடிந்து லயத்துக்குத் திரும்பும் வழியில், பால்மரம் வெட்டும் தோழர் ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். "கிராணியாரே, கப்பலில் வந்த வியாபாரி அவ்வளவு பெரிய நாட்டை எப்படி ஐயா பிடித்தான்? ராஜாக்களெல்லாம் தூங்கிக்கொண்டா இருந்தார்கள்?" என்று கேட்டார்.

தூங்கவில்லை தோழர்களே. விழித்திருந்துதான் கையெழுத்துப் போட்டார்கள். வாள் சண்டையைப் பற்றிப் பேச எங்களுக்குத் தகுதி போதாது. நாங்கள் கணக்கு எழுதுகிறவர்கள். ஆகவே ஒரு ராஜாவின் வரவு செலவை மட்டும் இன்று உங்கள் முன் வைக்கிறோம். அவர் ஐதராபாத் நிஜாம் அலி கான்.

அப்போது தெற்கே மூன்று பெரிய சக்திகள் இருந்தன: மைசூர், மராட்டியர், நிஜாம். மூன்று பேரும் 1780இல் கும்பெனிக்கு எதிராக ஒன்றுசேர்ந்தார்கள். அந்த ஆண்டு பொள்ளிலூரில் ஐதர் அலியின் படை கும்பெனிப் படையைச் சின்னாபின்னமாக்கியது. ஆனால் அந்தக் கூட்டு நிலைக்கவில்லை. நிஜாம் சீக்கிரமே ஒதுங்கிக்கொண்டார். 1782இல் மராட்டியர் சால்பாய் என்ற இடத்தில் தனியாகச் சமாதானம் பேசிக்கொண்டார்கள். ஐதரின் மகன் திப்பு தனியாக நின்றார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 1790இல் நிஜாமும் மராட்டியரும் கும்பெனியோடு சேர்ந்து திப்புவின் மேலேயே பாய்ந்தார்கள். 1792இல் திப்பு பாதி நாட்டை இழந்தார். 3 கோடியே 30 லட்ச ரூபாய் தண்டம் ஒப்புக்கொண்டார். பணம் தீரும்வரை இரண்டு பிள்ளைகளைப் பிணையாக அனுப்பினார். நிஜாமுக்கும் பங்கு நிலம் கிடைத்தது. முதல் வரவு!

மூன்றே வருஷத்தில், 1795இல், கர்தா என்ற இடத்தில் மராட்டியர் நிஜாமைத் தோற்கடித்தார்கள். நண்பனென்று நம்பிய கும்பெனி கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தது. பயந்துபோன நிஜாம் பிரெஞ்சு அதிகாரிகள் பழக்கிய தம் பட்டாளத்தைப் பெரிதாக்கினார். இதைக் கும்பெனி பொறுக்குமா? 1798இல் வெல்லெஸ்லி கவர்னர் ஜெனரலாக வந்ததும் ஓர் ஒப்பந்தத்தை நீட்டினார். ஆறு பட்டாளக் கும்பெனிச் சிப்பாய்கள் நிஜாமின் பாதுகாப்புக்கு. சம்பளம் நிஜாமின் பொறுப்பு, வருஷத்துக்கு 24,17,100 ரூபாய். பிரெஞ்சுப் பட்டாளத்தைக் கலைத்துவிட வேண்டும். நிஜாம் கையெழுத்திட்டார்.

பிரெஞ்சுப் பட்டாளம் எப்படிக் கலைந்தது தெரியுமா? அந்தச் சிப்பாய்களுக்குச் சம்பள பாக்கி நின்றது. அவர்கள் தங்கள் அதிகாரிகளையே பிடித்து வைத்துக்கொண்டார்கள். பல்லாயிரம் பேர் கொண்ட படை சண்டையே இல்லாமல் ஆயுதத்தைக் கீழே வைத்தது. கூலி கொடுக்காதவனுக்காக எவன் உயிரை விடுவான்?

1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு போரில் மாண்டார். கோட்டையை வளைத்த படையில் நிஜாமின் ஆட்களும் இருந்தார்கள். அவருக்கு மறுபடியும் நிலம் கிடைத்தது. இரண்டாவது வரவு.

இப்போது செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். 1800இல் இன்னொரு ஒப்பந்தம். சிப்பாய்களின் எண்ணிக்கை கூடியது, சம்பளமும் கூடியது. ரொக்கத்துக்குப் பதில் நிலமாகக் கொடுங்கள் என்றது கும்பெனி. 1792இலும் 1799இலும் மைசூரை அடித்துப் பெற்ற நிலத்தை நிஜாம் அப்படியே கும்பெனியிடம் ஒப்படைத்தார். பல்லாரி, அனந்தப்பூர், கடப்பைச் சீமைகள் இப்படித்தான் கைமாறின. கும்பெனியைக் கேட்காமல் வேறு அரசரோடு பேசும் உரிமையும் போயிற்று. இரண்டு யுத்தத்துக்கு ஆள் கொடுத்தவர் கையில் மிஞ்சியது வெறும் பூஜ்யம்.

இதைப் படித்தபோது எங்களுக்குப் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. முன்பு நாங்கள் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் பால்மரத்தார் சம்பளத் தகராறில் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். புல்வெட்டுக்காரர்களுக்கு மட்டும் நாளொன்றுக்குச் சில காசு கூட்டிக் கொடுத்தார் துரை. அவர்கள் பெரட்டுக்குப் போனார்கள். தகராறு முறிந்தது. மூன்றாம் மாதம் அந்தக் காசை வெட்டிச் செக்ரோல் எழுதியது எங்கள் கைதான். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

மராட்டியர் கதையும் வேறல்ல. தம் சொந்தச் சர்தார் ஹோல்கரிடம் தோற்று ஓடிய பேஷ்வா இரண்டாம் பாஜி ராவ், 1802 டிசம்பர் 31இல் வசாயில் அதே மாதிரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1803இல் சிந்தியாவும் போன்ஸ்லேயும் போரிட்டபோது ஹோல்கர் ஒதுங்கி நின்றார். 1804இல் ஹோல்கர் பிந்திப் போரில் இறங்கினார். 1818இல் பேஷ்வா பதவியே ஒழிந்தது.

"நிஜாம் கெட்டிக்காரர்தானே? திப்புவின் வம்சம் அரியணையை இழந்தது, நிஜாமின் வம்சம் 1948 வரை ஆண்டதே!" என்று படித்தவர்கள் சிலர் வாதிப்பதுண்டு. அரியணை இருந்தது உண்மை. ஆனால் பட்டாளச் செலவு பாக்கி என்று சொல்லி, 1853இல் பருத்தி விளையும் பேரார் சீமையின் நிர்வாகத்தையும் டல்ஹௌசி எடுத்துக்கொண்டார். 1902இல் அதை வருஷம் 25 லட்ச ரூபாய்க்கு நிரந்தரக் குத்தகையாக எழுதி வாங்கினார்கள். அந்தச் சீமைக் குடியானவனை இந்த வாதக்காரர்கள் கேட்டதுண்டா?

கையெழுத்துப் போடாதவர்களும் இருந்தார்கள். சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்கள் 1801 ஜூனில் திருச்சியில் ஓர் அறிக்கையை ஒட்டி, எல்லாச் சாதியாரும் சமயத்தாரும் ஒன்றுசேர்ந்து எதிர்க்க வேண்டுமென்று அழைத்தார்கள். சில மாதம்தான் தாக்குப்பிடித்தது. புதுக்கோட்டைத் தொண்டைமான் கும்பெனிப் பக்கம் நின்றார். அக்டோபர் 24இல் சகோதரர் இருவரையும் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள்.

உடன் நின்றவர்களில் 70க்கும் மேற்பட்டவர்களை 1802இல் தூத்துக்குடியில் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமியும் அதில் ஒருவர். கப்பல் அவர்களைக் கொண்டுவந்து இறக்கியது வேறெங்கும் இல்லை தோழர்களே, நம் பினாங்கில்தான். நம் பாட்டன்மார் ரப்பர்த் தோட்டத்துக்கு வருவதற்கு நூறு வருஷம் முன்பே அவர்கள் இந்தக் கரையில் கால் வைத்துவிட்டார்கள்.