பழுப்பு நிலக்கரியும் கோதுமை வயலும்: வடலூர் கருத்தரங்கத் தலைமை உரை



பசியைப் பிணியாகவே கண்டு வள்ளலார் 1867-இல் தருமச்சாலை நிறுவிய ஊரில் கூடியிருக்கிறோம். அந்தப் பிணிக்குக் காரணமும் தெரியும், மருந்தும் தெரியும். நம் கருத்தரங்கு எடுத்துக்கொண்ட நோய்கள் அப்படியல்ல. அவற்றுள் ஒன்றான, உழவர்களைத் தாக்கும் காரணம் தெரியாத சிறுநீரக நோயைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

சர்க்கரை இருக்காது, ரத்தக்கொதிப்பு இருக்காது, கால் வீக்கம்கூடப் பெரும்பாலும் இருக்காது. உழவர் ஒருவர் மருத்துவமனைக்கு வரும்போது சிறுநீரகம் பாதிக்கு மேல் போயிருக்கும். இலங்கையில் அநுராதபுரத்துப் பக்கம் 1990-களில் இது தெரிய வந்தது. ஆந்திரத்தில் உத்தானம், எல் சால்வடாரில் கரும்புத் தோட்டங்கள் என்று பிற இடங்களிலும் கண்டார்கள். பயாப்சித் துண்டை நுண்ணோக்கியில் வைத்தால் நுண்குழல்கள் சூம்பிக் கிடக்கும். அவற்றுக்கு நடுவே, ட்ரைக்ரோம் சாயத்தில் நீலமாகத் தழும்பு படர்ந்திருக்கும். இரத்தத்தை வடிகட்டும் கிளாமருலஸ்களோ ஓரளவு தப்பியிருக்கும். அடி குழலில் விழுந்தது என்று திசு சொல்கிறது. அடித்தது யார் என்று சொல்வதில்லை. காட்மியம், ஆர்செனிக், ஃப்ளோரைடு, பூச்சிமருந்து எனப் பலவற்றின் மீதும் சந்தேகம் விழுந்தது. சான்று முழுதாக வருமுன்பே இலங்கை 2015-இல் கிளைஃபோசேட்டைத் தடை செய்தது. தமிழ்நாட்டு உப்பளங்களில் நடந்த ஆய்வுகள் வெயிலையும் உடலின் நீரிழப்பையும் சுட்டுகின்றன. வழக்கு இன்னும் முடியவில்லை.

பழுப்பு நிலக்கரி தோண்டும் நெய்வேலிக்கு அருகில் நின்று பேசுவதால் பால்கன் நாடுகளின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். டான்யூப் துணையாறுகளின் கரையோரச் சிற்றூர்களில் இதே போன்ற சிறுநீரக நோய் 1950-களில் பதிவாயிற்று. கூடவே சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்த ஊர்களுக்குப் பக்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகைகள் உண்டு. கரியிலிருந்து கரிம நச்சு கிணற்று நீரில் இறங்குகிறது என்ற கருதுகோள் 1991-இல் வந்தது. பூஞ்சை நச்சும் சந்தேகத்தில் இருந்தது.

ஆனால் 1969-லேயே இவிச் என்பவர் கோதுமை வயலில் வளரும் ஒரு களையைச் சுட்டிக்காட்டியிருந்தார். அறுவடையில் அதன் விதை மாவோடு கலந்துவிடுகிறது என்றார். பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1993-இல் பெல்ஜியத்தில், உடல் இளைக்கச் சீன மூலிகை உட்கொண்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டதாக அறிக்கை வெளியானது. அந்தத் திசுவும் பால்கன் திசுவும் ஒன்றுபோலவே இருந்தன. இவிச் சொன்ன களைக்கும் அந்த மூலிகைக்கும் பொதுவானது அரிஸ்டோலோகிக் அமிலம். 2007-இல் கிரோல்மன் குழுவினர் அந்த அமிலம் டி.என்.ஏ.வில் ஒட்டிய தடத்தைப் பால்கன் நோயாளிகளின் சிறுநீரகத்திலேயே கண்டெடுத்தார்கள். கரி பெருமளவு விடுபட்டது.

இதைக் கேட்டு நெய்வேலிக் கரிக்கு நற்சான்று கொடுத்துவிட வேண்டாம். இங்கே சுரங்கத்துக்காக ஆழ்நிலத்து நீரை ஓயாமல் இறைக்கிறார்கள். சுற்றுவட்ட மக்கள் தங்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்பது முறையான கேள்வி. கிணறு கிணறாகச் சோதித்துத்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதே கையோடு அடுப்படியையும் கேளுங்கள். அரிஸ்டோலோகிக் அமிலம் உள்ள ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் நம் வேலியோரத்துச் செடிகள், நம் மருந்துச் செடிகள். யார், எவ்வளவு, எத்தனை நாள் உட்கொள்கிறார்கள் என்பதைச் சித்த மருத்துவர்கள்தான் எங்களுக்குச் சொல்லித்தர முடியும். குற்றம் சாட்ட அல்ல, கூட இருந்து தேடவே அவர்களை அழைத்தோம்.

என் துறையான நோய்க்குறியியலின் இளையவர்களிடம் உரிமையோடு சில சொல்கிறேன். சிறுநீரகம் சுருங்கிப்போன பிறகு எடுக்கும் பயாப்சியில் தழும்புதான் மிஞ்சும். கிரியாட்டினின் ஏறத் தொடங்கும்போதே சிறுநீரக மருத்துவரோடு பேசுங்கள். கோரிக்கைப் படிவத்தில் நோயாளியின் தொழிலைக் 'கூலி' என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள்: முந்திரித் தோப்பா, சுரங்கமா, உப்பளமா, எந்தக் கிணற்று நீர், என்ன மருந்து என்று எழுதி வாங்குங்கள். பாரஃபின் கட்டிகளை இடமில்லை என்று எறியாதீர்கள். பால்கன் நோயில் தீர்ப்பு வந்தது, அறுத்தெடுத்த திசு கையில் இருந்ததால்தான்.

முதல் அமர்வில் வாசிக்கவிருக்கும் மாணவர்கள் ஸ்லைடுகளோடு காத்திருக்கிறார்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.