காவலர் கொண்டுசென்ற ஆடுகளும் துருவத்து நாய்களும்
(ஃபீனிக்ஸ் பேயில் நிகழ்த்தப்பெற்ற உரை)

ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் கப்பலேறும் மூட்டை எதுவாயினும், அது இறங்கும் தீவுக்கு அது புதுவரவே. ஆங்கிலேயர் கொண்டுவந்த புள்ளிமான்கள் இன்றும் அந்தமான் காடுகளில் இளஞ்செடிகளை மேய்ந்து வருகின்றன. எனினும் அவையோர் சிந்திக்க வேண்டிய நிகழ்ச்சி நார்கொண்டம் தீவில் நடந்தது.

ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அத்தீவில் வாழும் இருவாய்ச்சிப் பறவையினம் உலகில் வேறெங்கும் இல்லை. அங்கு மக்கள் குடியிருப்பு கிடையாது. காவல்துறையின் புறக்காவல் நிலையம் ஒன்றே உண்டு. காவலரின் உணவுக்காக 1976-ஆம் ஆண்டு சில ஆடுகள் கொண்டுசெல்லப்பட்டன. அவை காட்டில் புகுந்து நூற்றுக்கணக்கில் பெருகின. இருவாய்ச்சிக்குப் பழம் தரும் மரங்களின் கன்றுகள் தலையெடுக்க முடியாமற் போயின. பின்னர் ஆடுகளை அகற்றப் பல்லாண்டுகள் பாடுபட வேண்டியதாயிற்று. காவலுக்குச் சென்றவர்களே தீங்கிற்கும் வாயிலானார்கள். அவர்கள்மீது குற்றம் காண்பதற்கில்லை. தடுக்கும் விதி அன்று அவர்கள் கையில் இல்லை.

இதே சிக்கலை அண்டார்க்டிகாவில் ஆய்வு நடத்தும் நாடுகள் முன்னரே எதிர்கொண்டன. பனிச்சறுக்கு வண்டியிழுத்த நாய்களிடமிருந்து கடல்நாய்களுக்கு நோய் பரவலாம் என்ற அச்சம் எழுந்தது. 1991-ஆம் ஆண்டின் மாட்ரிட் உடன்படிக்கை, 1994 ஏப்ரலுக்குள் நாய்கள் அனைத்தையும் வெளியேற்றப் பணித்தது. உயிருள்ள கோழிக்கும், நுண்ணுயிர் நீக்கப்படாத மண்ணுக்கும் அங்கே இடமில்லை. ஆய்வாளர் எத்துணை மேதையாயினும் இவ்விதிக்கு உட்பட்டவரே.

இந்தியாவின் பாரதி நிலையம் 2012-இல் திறக்கப்பட்ட லார்ஸ்மன் குன்றுகளில், ரஷ்யாவும் சீனாவும் ஆஸ்திரேலியாவும் நிலையங்கள் வைத்துள்ளன. பனி மூடாத சிறு நிலப்பரப்பு. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நன்னீர் ஏரிகள். ஒவ்வொரு நாடும் தனித்தனியே பாதை போட்டால் எஞ்சுவது என்ன? எனவே 2007-இல் அப்பகுதி சிறப்பு மேலாண்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பறவைகள் கூடு கட்டும் இடங்களை விலக்கி ஹெலிகாப்டர் பறப்பது முதல், தகவலைப் பகிர்ந்துகொள்வது வரை பொதுத் திட்டமொன்று உண்டு. முடிவுகள் ஒருமனதாகவே எடுக்கப்படுவதால் தாமதம் நேர்வது உண்மைதான். பொருளியல் நோக்கில் அத்தாமதமும் ஒரு செலவே. ஆயினும் பெருகிவிட்ட ஆட்டு மந்தையைப் பிடிக்கும் செலவை நோக்க அது சிறிது. நம் நாட்டுப் பயணக் குழுவினருக்கு அனுமதியும் தண்டனையும் விதிக்கும் இந்திய அண்டார்க்டிக் சட்டம் 2022-இல்தான் இயற்றப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அந்தமானில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நெடுங்காலமாகவே நடைமுறையில் உள்ளது. ஆனால் தொலைதூரத் தீவுக்கு வனத்துறையினர், காவல்துறையினர், கடலோரக் காவற்படையினர், விலங்கியல் ஆய்வாளர் எனப் பலரும் தத்தம் பணிக்காகச் செல்கின்றனர். இவர்கள் அனைவருக்கும் பொதுவாக, கொண்டுசெல்லத் தகாத பொருள்களின் பட்டியல் ஒன்று தேவை. விதை, மண், நாற்று, கால்நடை ஆகியவை அதில் முதலிடம் பெறவேண்டும். மூட்டைகளைச் சோதிப்பதற்குக் குறைந்த செலவில் அமையக்கூடிய இடம் தீவின் கரை அன்று. அவை கப்பலேறும் படகுத்துறையே.