மேடும் பள்ளமும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கழகச் செயலாளர் நம்மிடம் வந்து, "ஐயா, கல்வியின் பெருமை பற்றி உரையாற்ற வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார். கல்வியின் பெருமையை இம்மேடையில் நமக்கு முன் மூவர் பேசிவிட்டனர். பின்னும் இருவர் பேசவுள்ளனர். ஆகவே நாம் வேறு பொருளை எடுத்துக்கொண்டோம். மேடு பள்ளம் பற்றிப் பேச விரும்புகிறோம். சமுதாயத்தின் மேடு பள்ளம் அன்று. மண்ணின் மேடு பள்ளம். முன்னதற்கும் பின்னதற்கும் உறவு உண்டா என்பது போகப் போகத் தெரியும்.

வகுப்பில் ஆண்டுதோறும் நாம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. திண்டுக்கல் உயரமா, தில்லி உயரமா? தில்லிதான் என்று வகுப்பே ஒரே குரலில் கூறும். காரணம் கேட்டால், சுவரில் தொங்கும் நாட்டுப்படத்தைக் கை காட்டும். படத்தில் தில்லி மேலே இருக்கிறது. திண்டுக்கல் கீழே இருக்கிறது. படத்தின் மேற்பக்கம் வடக்கு என்பதைப் பிள்ளைகள் உயரம் என்று கொண்டுவிடுகின்றனர். உண்மை யாது? தில்லி மாநகர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 216 மீட்டர். நம் திண்டுக்கல் ஏறத்தாழ 270 மீட்டர். கன்னிவாடி மலையடிவாரத்தில் இருப்பதால் அதனினும் சற்று உயரம். தலைநகரத்தை விட உயரமான இடத்தில்தான் நாம் இந்தப் பந்தலைப் போட்டிருக்கிறோம்!

தில்லியிலிருந்து கங்கைச் சமவெளி வழியே கொல்கத்தா வரை ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். அவ்வளவு தொலைவிலும் நிலம் தாழ்வது இருநூறு மீட்டர் அளவே. அதனால்தான் அங்கே ஆறு பெருகினால் வெள்ளம் விரைந்து வடியாமல் பல நாள் நிற்கிறது. தென்னாட்டின் நிலையோ வேறு. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல். ஐதராபாத் 500 மீட்டருக்கு மேல். கோயம்புத்தூர் 400 மீட்டரையொட்டி. மதுரை 100 மீட்டரையொட்டி. சென்னை ஆறேழு மீட்டர். மதுரையில் இரயிலேறித் திண்டுக்கல் வருவோர் அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் ஏறத்தாழ 170 மீட்டர் உயர்ந்துவிடுகின்றனர். ஏறியதை உணர்ந்தவர் எவர்? உணர்ந்தது இழுத்து வந்த எஞ்சின் மட்டுமே. இனி இரயிலில் செல்லும்போது நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையை ஊன்றிப் பாருங்கள். ஊர்ப்பெயரின் அடியில் சிறிய எழுத்தில் அவ்விடத்தின் உயரம் எழுதப்பட்டிருக்கும்.

உயரம் என்றால் எங்கிருந்து உயரம் என்று கேட்கப் பழக வேண்டும். நம் திண்டுக்கல் கோட்டைப் பாறை தொள்ளாயிரம் அடி உயரம் என்று சில ஏடுகளில் எழுதியிருக்கின்றனர். படியேறிப் பார்த்த எந்தச் சிறுவனும் அதை நம்பமாட்டான். நகரத்தின் தரையிலிருந்து பாறை எழுவது முந்நூறு அடிக்கும் குறைவே. நகரத்தின் தரையே கடல்மட்டத்திலிருந்து தொள்ளாயிரம் அடியை ஒட்டி நிற்கிறது. எங்கிருந்து அளந்தது என்று கேளாமல் எழுதினால் பாறையும் வளரும்!

இளைஞர்கள் கைப்பேசியில் உயரம் பார்க்கலாமே என்று எண்ணுவீர்கள். பாருங்கள், ஆனால் எச்சரிக்கையோடு பாருங்கள். துணைக்கோள் கணக்கு, பூமியை ஒரு சீரான முட்டை வடிவாகக் கொண்டு அதிலிருந்து அளக்கிறது. நம் தென்கோடியில் மெய்யான கடல்மட்டம் அந்தக் கணக்குவடிவத்திற்கு ஏறத்தாழ தொண்ணூறு மீட்டர் கீழே உள்ளது. பிழையைத் திருத்தாத செயலி, சென்னைக் கடற்கரையில் நிற்பவரைக் கடலுக்கடியில் இருப்பதாகவே காட்டும்.

இந்த அளவைகள் எவ்வாறு வந்தன? 1802ஆம் ஆண்டு ஏப்ரலில், சென்னைப் பரங்கிமலையின் அருகே லாம்டன் என்ற ஆங்கிலேயர் ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். அக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதும் அளந்து சென்றனர். கோணம் அளக்கும் பெருங்கருவியின் எடை ஏறத்தாழ அரை டன். 1808இல் தஞ்சைப் பெரிய கோவிலின் மீது அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமுற்றது. லாம்டன் அதைத் தாமே செப்பனிட்டார் என்று வரலாறு கூறும். ஆனால் கயிற்றை இழுத்தவர் எவர், காடு மலைகளில் அதைத் தோளிற் சுமந்தவர் எவர், காய்ச்சலில் மடிந்தவர் எவர் என்பதை நாம் படித்த பாடநூல்கள் கூறவில்லை. பிற்காலத்தில் வங்காளத்து இராதாநாத் சிக்தார் என்ற கணித அறிஞர், இமயத்தின் பதினைந்தாம் எண் சிகரமே உலகில் உயர்ந்தது என்று 1852இல் கணக்கிட்டுக் காட்டினார். 29,002 அடி என்று 1856இல் அறிவித்தனர். சிகரத்திற்குச் சூட்டிய பெயரோ எவரெஸ்ட் என்ற முன்னாள் அதிகாரியின் பெயர். 2020இல் நேபாளமும் சீனமும் கூடி அறிவித்த அளவு 8,848.86 மீட்டர். அதாவது 29,031 அடியும் சில அங்குலமும். கணித்தவரின் கணக்கு எத்தனை அடி பிழைத்தது என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

நம் ஊருக்கு வருவோம். பந்தலுக்கு வெளியே நின்று தென்மேற்கே நோக்கினால் கண்ணை மறைத்து நிற்பது கீழ்ப்பழனி மலை. ஆடலூரும் பன்றிமலையும் தாண்டிக்குடியும் அம்மலையில் உள்ள ஊர்கள். அதற்கும் மேற்கே மலை இன்னும் உயர்ந்து கொடைக்கானலில் 2,100 மீட்டரைக் கடக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுக்கணக்கு. சித்திரையில் திண்டுக்கல்லில் நாம் வேர்த்து நிற்கும் வேளையில் கொடைக்கானலில் கம்பளி போர்த்துவது இதனால்தான். மூணாற்றில் ஆனி ஆடியில் கொட்டும் மழையை மலைகள் தடுத்துக்கொள்ள, நமக்கு வெறுங்காற்றே வந்து சேர்கிறது. நமக்கு மழை ஐப்பசி கார்த்திகையில்.

உயரம் மாறினால் பயிர் மாறும். மேல்மலையில் உருளைக்கிழங்கும் மலைப்பூண்டும். இடைமலையில் காப்பியும் மிளகும் மலைவாழையும். அடிவாரத்தில் வெங்காயம், மக்காச்சோளம், காய்கறி. பயிர் மாறினால் வேலை மாறும். வேலை மாறினால் கூலி மாறும். கார்த்திகை மார்கழியில் காப்பிப் பழம் பறிக்க மலையேறும் நம் தாய்மார்களுக்கு இப்பாடத்தை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களிடம் நாம் கற்றதே மிகுதி. பி.ஏ.யில் நாம் படித்தது வரலாறு. புவியியலைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தும் மலையேறி இறங்கியவர்களைக் கேட்டுமே கற்றுக்கொண்டோம்.

இந்தக் கீழ்ப்பழனி மலையில் விழும் மழைத்துளியின் பயணம் விந்தையானது. ஒரு சரிவில் விழுந்த துளி குடகனாற்றில் இறங்கி, ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தில் தங்கி, வேடசந்தூர் வழியாக வடக்கே சென்று அமராவதியிற் கலந்து காவிரியை அடைகிறது. மறு சரிவில் விழுந்த துளி மருதாநதியாய் இறங்கி வைகையைச் சேர்ந்து இராமநாதபுரம் நோக்கிப் போகிறது. (அடைகிறது, சேர்கிறது என்பதெல்லாம் ஆற்றில் நீர் ஓடும் ஆண்டிற்கு.) இரு துளிகளையும் பிரித்தது மலைமேல் ஒரு முகடு. அம்முகட்டில் ஒரு சாண் இப்பால், ஒரு சாண் அப்பால், அவ்வளவே வேறுபாடு.

நீர் இவ்வாறு மேட்டிலிருந்து பள்ளம் நாடி ஓடும். அந்த ஓட்டத்தைப் பார்த்தே ஊர்களை அமைத்தனர். நாம் பணியாற்றிய ஊர்களை நினைத்துப் பார்க்கிறோம். ஊர்நத்தம் மேட்டில் இருக்கும். குளம், மடை, வயல் என்று தரை இறங்கிக்கொண்டே போகும். வயலுக்கும் ஓடைக்கும் நடுவே, ஊர்ச் சாக்கடையும் உபரி நீரும் வந்து சேரும் இடத்தில், நம் மக்களின் குடியிருப்பு இருக்கும். எல்லா ஊரும் இவ்வாறே என்று கூறமாட்டோம். ஆனால் மழைக்காலத்தில் எந்தத் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்று வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், ஊரின் மேடு பள்ளம் அதில் எழுதப்பட்டிருக்கும்.

மேடு உயர்ந்தோர்க்கு, பள்ளம் தாழ்ந்தோர்க்கு என்பது இயற்கையின் விதியோ? அன்று. தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டின் ஆட்சி நடக்கும் நகரம் லா பாஸ். அது 3,600 மீட்டர் உயரத்தில், ஒரு பள்ளத்தாக்கில் உள்ளது. அதன் விளிம்பின் மேலே 4,100 மீட்டர் உயரத்தில் எல் ஆல்டோ என்ற மற்றொரு நகரம். அங்கே மூச்சுக்காற்று மெலிவு, குளிர் மிகுதி. எனவே செல்வர் பள்ளத்தில் வெதுவெதுப்பான இடங்களில் வீடு கட்டிக்கொண்டனர். அய்மாரா பழங்குடி ஏழைகளுக்கு வாய்த்தது உச்சி. கீழே வேலைக்கு இறங்கி மாலையில் ஏறி வருவது அவர்கள் வாழ்வு. 2014இல்தான் இரு நகரங்களுக்கும் கம்பிவட ஊர்தி வந்தது. அங்கே மேடு ஏழைக்கு; இங்கே பள்ளம் ஏழைக்கு. எது வாழ்வதற்கு ஒவ்வாததோ அது ஏழைக்கு.

கேரளத்துக் குட்டநாட்டில் நெல்வயல்கள் கடல்மட்டத்திற்கும் ஒன்றிரண்டு மீட்டர் கீழே உள்ளன. காயலுக்குள் சேற்று வரப்பு எழுப்பி, சக்கரம் மிதித்து நீரை வெளியேற்றி அந்நிலத்தை உண்டாக்கிய உழைப்பில் பெரும்பங்கு புலையர் மக்களுடையது. நிலம் உண்டாயிற்று, பட்டா வேறு பெயரில் உண்டாயிற்று. பழங்கதை வேண்டாவெனில், சென்னையின் தென்புறத்துச் செம்மஞ்சேரியைப் பாருங்கள். நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து ஏழை மக்களைப் பெயர்த்துச் சென்று, சதுப்புநிலம் சூழ்ந்த தாழ்பகுதியில் குடியேற்றினர். 2015 பெருமழையில் அவ்விடம் நீரில் நின்றது.

1927இல் மகாடு நகரின் குளத்தில் நம் மக்கள் நீரருந்தும் உரிமைக்காக அறிஞர் அம்பேத்கர் போராடியதை நீங்கள் அறிவீர்கள். பதினைந்து ஆண்டு கழித்து, 1942இல், அவர் வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். நீர்ப்பாசனமும் மின்னாற்றலும் அத்துறையைச் சார்ந்திருந்தன. தாமோதர், மகாநதி ஆற்றுத் திட்டங்கள் அவர் பொறுப்பிலிருந்த காலத்தில்தான் உருப்பெற்றன. ஒரு குளத்து நீர் மறுக்கப்பட்ட சமுதாயத்தவர், எந்த ஆற்றை எங்கே தேக்குவது என்று வரைபடத்தை விரித்துப் பேசினார்.

இனி நம் அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஓர் ஊரில் நம் மக்களுக்கு வீட்டுமனை வழங்க இடம் காட்டினர். ஊர்ப்பெயர் வேண்டா. கோடையில் காட்டிய இடம். கண்ணுக்குச் சமதளமாகவே தோன்றியது. ஒரு மூதாட்டி மட்டும் நம்மைத் தனியே அழைத்து, "வாத்தியாரய்யா, இது தண்ணி படுத்து எந்திரிக்கிற இடம்" என்றார். அதிகாரியிடம் எடுத்துரைத்தோம். "தரை சமமாகத்தானே இருக்கிறது" என்று அவர் கூறிவிட்டார். மூதாட்டியின் சொல்லை மனுவில் எவ்வாறு எழுதுவது என்று திகைத்து நின்றோம்.

நம் மாணவராயிருந்து கொத்தனார் ஆன இளைஞர் ஒருவர், "ஐயா, டியூப் மட்டம் வைத்துப் பார்த்துவிடலாமே" என்றார். நீர் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாய் போன்ற பிளாஸ்டிக் குழாய்தான் அது. உள்ளே காற்றுக்குமிழி இருத்தலாகாது. இரு முனைகளையும் எவ்வளவு தொலைவில் பிடித்தாலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அம்மட்டத்திலிருந்து தரை எத்தனை அங்குலம் கீழே உள்ளது என்று ஒவ்வோரிடத்திலும் கோல் நட்டு அளக்க வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அளந்தோம். மனைகளின் நடுவிடம் சாலையின் ஓரத்தைவிட இரண்டே முக்கால் அடி தாழ்வு என்று தெரிந்தது. அதனினும் பெரிய உண்மை வேறு. சாலைக்கு அடியிலுள்ள சிறுபாலத்தின் தளமே மனையின் நடுவைவிட அரையடி மேலே இருந்தது. வந்த நீர் வெளியேற வழியே இல்லை. ஒவ்வோர் இடத்தின் அளவையும் குறித்து, வரைபடம் எழுதி, ஊரார் கையொப்பத்துடன் மனு அனுப்பினோம்.

மூன்று மாதம் மறுமொழி இல்லை. மீண்டும் எழுதினோம். பிறகு அளவையாளர் ஒருவர் கருவியோடு வந்து அளந்தார். அவர் கணக்கும் நம் குழாயின் கணக்கும் ஓர் அங்குலம், இரண்டு அங்குலமே வேறுபட்டன. வரைந்தது யார் என்று அவர் வினவ, கொத்தனார் இளைஞரை முன்னே நிறுத்தினோம். மனைகளில் பெரும்பகுதியைச் சாலைக்கு மறுபுறம் மேட்டிற்கு மாற்றினர். எஞ்சிய பதினான்கு மனைகளுக்கு இடம் போதவில்லை என்று கூறி, மண் நிரப்பிக் கொடுத்தனர். நிரப்பிய மண் போதாது. அப்பதினான்கு வீடுகளிலும் ஐப்பசியில் இன்றும் வாசற்படிவரை நீர் வருகிறது. அம்மூதாட்டியின் மகன் வீடு அவற்றுள் ஒன்று. சிறுபாலத்தைத் தாழ்த்திக் கட்டக் கோரும் மனு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அக்குழாயை இன்று கொண்டுவந்திருக்கிறோம். மேடைக்கு வலப்புறம் மேசைமேல் சுருட்டி வைத்திருக்கிறது. உணவு வேளைக்குப் பிறகு, இப்பந்தற்கால் தொடங்கி நம் தெருவின் கடைசி வீடு வரை அளப்பதாகத் திட்டம். குழாய் பிடிக்க இருவர், கோல் பிடிக்க ஒருவர், நோட்டில் எழுதக் கையெழுத்து நன்றாக உள்ள பெண்பிள்ளை ஒருவர் வேண்டும். வாளியில் தண்ணீரும் வேண்டும். கலங்கலாக இருந்தால் மட்டம் தெரியாது, தெளிந்த நீராகக் கொண்டு வருக.