வானத்து ஏரியின் கடைமடை



எங்கள் ஊர் கூடுவாஞ்சேரி. ஊரை அடுத்து நந்திவரம் ஏரி இருக்கிறது. மழை குறைந்த ஆண்டுகளில் ஏரிப் பாசனத்துக்கு முறை வைப்பது நம் நாட்டு வழக்கம். இன்னாருக்கு இத்தனை நாழிகை என்று பெரியவர்கள் கணக்கிட, நீர்கட்டி மடையைத் திறந்து விடுவார். தலைமடையில் நிலம் உடையவர், தாம் முதலில் இருப்பதைக் காட்டி ஏரி நீர் முழுவதையும் தம் வயலுக்குத் திருப்பிக்கொள்ள முடியாது. கடைமடைக்காரருக்கும் பங்கு உண்டு. இதே வழக்கு வானத்திலும் எழுந்தது. அதைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது, இரவு நேரத்தில் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தேடுவோம். சில இரவுகளில் வேறொரு தொலைதூர நிலையம் குறுக்கே புகும். பாட்டும் சீழ்க்கையும் கலந்து, இரண்டுமே கேளாமற் போகும். ஒரே அதிர்வெண்ணில் இருவர் பேசினால் இருவர் பேச்சும் கெடும் என்பதைப் பின்னரே அறிந்தேன். வானொலி அலைக்கு நாட்டின் எல்லை தெரியாது. ஆகவே நாடுகள் கூடி ஒழுங்கு செய்துகொள்வது இன்றியமையாததாயிற்று. இப்பணியைச் செய்வது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம். 1865-ஆம் ஆண்டு தந்திப் போக்குவரத்துக்காகப் பாரிஸ் நகரில் தோன்றிய அமைப்பு அது. 1869 முதல் இந்தியா அதில் உறுப்பாக இருந்து வருகிறது.

துணைக்கோள்கள் வந்தபின் சிக்கல் மிகுந்தது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள், பூமி ஒருமுறை தன்னைச் சுற்றும் நேரத்தில் தானும் ஒரு சுற்றை முடிக்கிறது. ஆதலின் நம் கண்ணுக்கு அது ஓரிடத்தில் நிற்பதாகவே கொள்ளலாம். மொட்டை மாடியிலுள்ள டிஷ் ஏரியல் ஒரே திசையை நோக்கி அசையாதிருப்பது இதனாலேதான். இத்தகைய வட்டம் ஒன்றே உண்டு. அதில் அருகருகே நிற்கும் இரு கோள்கள் ஒரே அதிர்வெண்ணில் ஒரே நிலப்பரப்பை நோக்கி ஒளிபரப்பினால், எங்கள் பழைய வானொலிக்கு நேர்ந்த கதிதான் நேரும்.

இந்த வட்டத்தின் பயனை நம் நாடு இரவலாகத்தான் முதலில் துய்த்தது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை முடிய, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் கோள் நமக்குக் கிடைத்தது. கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மேலே நின்று, அது ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வியும் வேளாண்மையும் உடல்நலமும் பற்றிய காட்சிகளை அனுப்பியது. கம்பி வலை ஏரியலின் அடியில் ஊரே திரண்டு பார்த்தது. ஓராண்டு முடிந்ததும் கோள் அகன்றது, திரைகள் இருண்டன.

அந்நாளில் பொதுவிதி என்ன? முந்திப் பதிவு செய்தவருக்கு முதலுரிமை. பிந்தி வருபவர் அவருக்கு இடையூறின்றித் தம் திட்டத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். கோள் செய்யும் வல்லமை இல்லாத ஏழை நாடுகள் அஞ்சின. தாம் கற்றுத் தேர்ந்து வரும் நாளில் ஏரி வற்றியிருக்குமே! 1976-இல் நிலநடுக்கோட்டு நாடுகள் சில பொகோட்டா நகரில் கூடி, தம் தலைக்கு மேலுள்ள வட்டம் தமக்கே உரியதென அறிவித்தன. விண்வெளி எந்நாட்டுக்கும் சொந்தமன்று என்பது 1967-ஆம் ஆண்டு உடன்படிக்கை. ஆகவே அக்கூற்றை உலகம் ஏற்கவில்லை. ஆயினும் அதன் பின்னிருந்த அச்சம் நியாயமானது.

அதற்கு விடையாக அமைந்தது 1977-இல் ஜினீவாவில் கூடிய மாநாடு. விநாடிக்கு ஏறத்தாழ 1,200 கோடி அதிர்வுகள் கொண்ட அலைவரிசைப் பகுதியை அது எடுத்துக்கொண்டது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா நாடுகளுக்கு வட்டத்தில் இன்ன இடம், இத்தனை ஒளிபரப்பு வழிகள் என்று பங்கிட்டது. கோள் இல்லாத நாட்டுக்கும் பங்கு எழுதி வைத்தது. பயிரிடாதவனுக்கு எதற்கு நீர் என்று கேட்டவர்கள் உண்டு. இடம் வீணாகும் என்ற அவர்கள் வாதத்தை அடியோடு தள்ளுவதற்கில்லை. ஆயினும் இன்று தரிசாகக் கிடக்கும் நிலத்தில் நாளை அவன் மகன் உழமாட்டானா? 2000-ஆம் ஆண்டு இஸ்தான்புல் மாநாடு அத்திட்டத்தைத் திருத்தி, பங்குகளைப் பெருக்கியது.

பங்கு எழுதியதோடு காவல் முடிவதில்லை. பிறர் பின்னர்ப் பதிந்த திட்டங்களால் வளரும் நாடுகள் பலவற்றின் பங்கு குறுக்கீட்டுக்கு ஆளாகித் தேய்ந்தது. எகிப்தில் 2019-இல் கூடிய மாநாடு அந்நாடுகளுக்குப் புதிய இடம் பெறத் தனி முன்னுரிமை அளிக்க நேர்ந்தது. கரையில் ஆள் நில்லாவிட்டால் கடைமடைக்கு நீர் எட்டாது.

அன்று இரவல் பெற்ற இந்தியா 1983-இல் விண்ணேறிய இன்சாட்-1பி வழியே சொந்தமாக நாடெங்கும் ஒளிபரப்பியது. 2017 மே 5 அன்று, இலங்கை முதலிய அண்டை நாடுகளும் பயன்கொள்ளத் தெற்காசியத் துணைக்கோளை ஏவியது. நாம் இன்று தலைமடைக்கு வந்துவிட்டோம். மாணவர்களே, உங்களுள் பொறியியல் கற்போரும் சட்டம் கற்போரும் நாளை அத்தகைய மாநாடுகளில் நம் நாட்டுக்காகப் பேசக்கூடும். நம் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டா. ஆனால் பேசும்போது, நாம் கடைமடையில் நின்ற நாளை மறவாதீர்கள்.