ஹாலந்து நாட்டு வானொலிப் பெட்டி

ஹாலந்து தேசத்து ஐந்தோவன் நகரிலிருந்து பிலிப்ஸ் நிறுவனத்தார் 1950களில் விற்ற மேசை வானொலியைப்பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். மெருகேற்றிய மரப்பெட்டி, கண்ணாடி முகப்பில் ஐரோப்பிய நகரங்களின் பெயர்கள், நிலையம் சரியாக அமைந்ததும் பச்சை ஒளி காட்டும் 'மாயக் கண்' வால்வு ஆகியவற்றைக் கண்டு வியப்பவர் பலர். எனக்கோ பின்பலகையைக் கழற்றிய பிறகுதான் வியப்பே தொடங்கும்.

1891இல் அந்நிறுவனம் மின்விளக்குச் செய்யவே பிறந்தது. விளக்குச் செய்பவனுக்கு வால்வு தூரத்து உறவன்று; இரண்டும் காற்றகற்றிய கண்ணாடிக் குமிழும் சூடேறும் இழையும்தாமே! 1926இல் அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில் பெர்னார்ட் டெல்லகன் என்பார் ஐந்து மின்வாய்கள் கொண்ட 'பெண்டோடு' வால்வை உருவாக்கினார்.

அந்த வால்வில் ஆற்றல் உண்டு. ஆனால் ஒலிபெருக்கியோடு நேரே இணங்காது. வால்வு எதிர்பார்க்கும் தடை ஏறக்குறைய 5000 ஓம். ஒலிபெருக்கிச் சுருளில் இருப்பதோ 5 ஓம். யானையையும் ஆட்டையும் ஒரே ஏரில் பூட்டிய கதைதான். ஆகவே நடுவில் ஒரு மின்மாற்றியை வைத்தார்கள். தடைகளின் விகிதம் 1000. சுற்றுகளின் விகிதம் அதன் வர்க்கமூலம், சுமார் 32. கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். ஆனால் இந்தத் தரகர் கூலி வாங்காமல் விடுவதில்லை. இரும்பு உள்ளகம் சிறிதானால் தாழ்ந்த ஸ்தாயி மெலியும். சுருள்களின் குறைபாட்டால் உச்ச ஒலிகள் மழுங்கும்.

பிலிப்ஸ் பொறியாளர் உயர்வகைப் பெட்டிகள் சிலவற்றில் தரகரையே நீக்கிவிட்டார்கள். இ.எல். 86 என்னும் வால்வுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடரில் இணைத்து, நடுப்புள்ளியிலிருந்து ஒரு மின்தேக்கி வழியாக ஒலியை எடுத்தார்கள். இவ்வமைப்புக்கு 800 ஓம் போதும். உடனே ஒலிபெருக்கியையே 800 ஓமுக்குச் செய்தார்கள்! காந்தத்தின் இடுக்கோ அதே அளவு. எனவே சுற்றுகள் பன்னிரண்டு மடங்குக்கு மேல் பெருக, கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு அதே மடங்கு சிறுக்க வேண்டும். மயிரிழை போன்ற கம்பி அது. சுற்றிய கைகளை எண்ணினால் மலைப்பாயிருக்கிறது. 'பை-ஆம்ப்ளி' என்ற வகையிலோ தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் தனித்தனிப் பெருக்கிகளே இருந்தன.

இதற்கு விலையும் உண்டு. அந்த மெல்லிய கம்பி அறுந்தால், கடையில் கிடைக்கும் 5 ஓம் ஒலிபெருக்கி அங்கே உதவாது. வால்வுகளுக்கு அது குறுக்குச்சுற்றுப் போன்றது. பொறியாளர் விலக்கிய மின்மாற்றியையே மெக்கானிக் திரும்பக் கொணர வேண்டியதாகும். ஆயினும் என் தீர்ப்பு பொறியாளர் பக்கமே. பின்னாளில் டிரான்சிஸ்டர் பெருக்கிகள் பலவும் இதே அடுக்கு அமைப்பைக் கைக்கொண்டன. குறைந்த வோல்ட்டில் மிகுந்த மின்னோட்டம் தர அவற்றால் முடிந்தமையால், சில ஓம் ஒலிபெருக்கியே போதுமானதாயிற்று.

இத்தகைய பெட்டி உங்கள் கைக்கு வந்தால், மின்சாரத்தில் செருகிப் பார்க்க அவசரப்படாதீர்கள். உள்ளிருக்கும் மின்தேக்கிகள் இணைப்பைத் துண்டித்த பின்னரும் 200, 300 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கக் கூடும். அறிந்தவர் ஒருவர் அதை முறைப்படி வெளியேற்றட்டும். பிறகு ஒலிபெருக்கியின் கம்பிகளைக் கழற்றி மீட்டரால் அளந்து பாருங்கள். சில நூறு ஓம் காட்டினால் நான் சொன்ன பெட்டி அதுதான்; சுருளும் உயிரோடிருக்கிறது.