தேதியைப் பார்த்துப் படியுங்கள்

(வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



பத்திரிகை படிப்பதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்லப் போவது நானே ஏமாந்த கதை.

இங்கிலாந்தின் யுத்தகால முதல் மந்திரி சர்ச்சிலை நீங்கள் அறிவீர்கள். அவர் மந்திரியாவதற்கு முன்பே பத்திரிகைக்காரர். 1899-ல் போயர் யுத்தத்துக்கு 'மார்னிங் போஸ்ட்' நிருபராகப் போனவர். பிற்காலத்திலும் பேனாவினால் ஏராளமாகச் சம்பாதித்தவர். அவர் எழுதிய யுத்த சரித்திரம் 1948 முதல் 6 பாகங்களாக வந்தது. 1953-ல் இலக்கியத்துக்கு நோபல் பரிசும் பெற்றார். அதைப் படித்துவிட்டு, "தலைவர்களின் தராதரத்தை இவரைப்போல் அறிந்தவர் யார்?" என்று பலரிடம் வாதாடியவன் நான்.

பிறகு ஒரு காரியம் செய்தேன். அவர் அந்தந்தக் காலத்தில் சொன்னவைகளைத் தேதிப்படி வரிசையாக வைத்துப் பார்த்தேன். நம்பிக்கை ஆட்டங்கண்டு விட்டது.

முதலில் முசோலினியை எடுத்துக் கொள்ளுங்கள். 1927 ஜனவரியில் ரோமாபுரியில் நிருபர்களிடம் பேசிய சர்ச்சில், தாம் இத்தாலியராயிருந்தால் லெனின் கொள்கையை எதிர்த்து பாசிஸ்டுகள் நடத்திய போராட்டத்தில் ஆதிமுதல் அந்தம்வரை முழு மனதோடு சேர்ந்திருப்பதாகச் சொன்னார். எதிர்க்கட்சிப் பிரதிநிதி மத்தேயோட்டியை பாசிஸ்டுகள் கொன்றது 1924-ல். அது அவருக்குத் தெரியாத சங்கதியா? 1940 ஜூனில் முசோலினி இங்கிலாந்தின் மேல் யுத்தம் தொடுத்தார். அதே டிசம்பரில் சர்ச்சில் ரேடியோவில் இத்தாலிய மக்களை நோக்கி, உங்களை இந்தக் கதிக்கு ஆளாக்கியவர் ஒரே ஒரு மனிதர்தான் என்றார். ஏன் தோழர்களே, முசோலினியின் ஆட்சிமுறையா மாறிற்று? இங்கிலாந்துக்கு அவரால் உண்டான லாப நஷ்டமல்லவா மாறிற்று!

அடுத்தது சேம்பர்லேன். 1938-ல் அவர் செய்த மியூனிக் உடன்படிக்கையை முழுத் தோல்வி என்று காமன்ஸ் சபையில் கண்டித்தவர் சர்ச்சில். 1940 நவம்பரில் சேம்பர்லேன் இறந்தபோது, அவருடைய உண்மையுள்ளத்தை அதே சபையில் மனமாரப் புகழ்ந்தார். 1948-ல் வந்த சரித்திரத்தின் முதற் பாகத்திலோ அவருடைய குறுகிய நோக்கையும் தவறுகளையும் விரிவாக எடுத்துக் காட்டினார். செத்தவரைப் புகழ்வது மரியாதை என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். சேம்பர்லேனுடைய கட்சியாரின் ஆதரவு சர்ச்சிலுக்கு அப்போது தேவையாயிருந்தது என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஸ்டாலின் சர்க்கார். 1945 பிப்ரவரி 27-ல், யால்டாவிலிருந்து திரும்பியதும், கொடுத்த வாக்கை சோவியத் சர்க்காரைவிட உறுதியாகக் காப்பாற்றும் சர்க்காரைத் தாம் அறியவில்லை என்று காமன்ஸ் சபையில் சொன்னார். 1946 மார்ச் 5-ல் அமெரிக்காவில் புல்டன் என்ற ஊரில், ஐரோப்பாவின் குறுக்கே இரும்புத் திரை விழுந்துவிட்டதென்று அதே சர்க்காரைக் குறித்து எச்சரித்தார். நடுவில் கழிந்தது ஒரு வருஷமும் சில நாட்களும்!

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இட்லர் விஷயத்தில் மற்றவர்கள் தூங்கியபோது விழித்திருந்து எச்சரித்தவர் அவர். அதை மறுப்பது யோக்கியமாகாது. ஆனால் அவரும்கூட 1937-ல் வெளியிட்ட புஸ்தகத்தில், இட்லர் தன் நாட்டின் மானத்தை மீட்டவராகப் பெயர் எடுக்கவும் கூடும் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

"இதெல்லாம் ராஜதந்திரம், சமயத்துக்குத் தக்கபடி பேசித்தானே ஆகவேண்டும்?" என்று ஒருவர் கேட்கலாம். பேசட்டும். நான் அதற்காக அவரைக் குற்றஞ்சொல்ல வரவில்லை. அபிப்பிராயம் மாறுவதும் குற்றமல்ல. அறிவுள்ளவனுக்கு மாறத்தான் செய்யும். ஆனால், சமயத்துக்காகப் பேசிய பேச்சை, மனிதர்களை எடைபோட்ட தராசென்று நாம் ஏன் நம்ப வேண்டும்? குற்றம் நம்முடையது. எழுத்தின் அழகைப் பார்த்தோமே தவிர, தேதியைப் பார்த்தோமா?

ஆகவே தோழர்களே, ஒரு தலைவரைப் பற்றி எவர் எழுதினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தத் தேதியில் எழுதினார்? அன்று அவருக்கு யார் தயவு தேவையாயிருந்தது? இதற்கு முன் என்ன எழுதினார், மாறியிருந்தால் மாறியதை ஒப்புக்கொண்டாரா? இதைக் கேட்க பி. ஏ. படிக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த வாசகசாலையில் பழைய பத்திரிகைகளைப் பொட்டலம் மடிக்க மளிகைக் கடைக்குப் போட்டுவிடாமல், வருஷவாரியாகக் கட்டி வையுங்கள். பொய்யைப் பிடிக்க அதைவிட நல்ல சாட்சி இல்லை. நான் சொன்னேன் என்பதற்காக இதை நம்பிவிடாதீர்கள். நான் சொன்ன தேதிகளையும் புரட்டிப் பார்த்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மட்டும் ஏற்றுக் கொள்ளுங்கள்.