வாயில் நுழையாத பெயர்

(திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமமொன்றில், விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பெயர் சூட்டு விழாவில் பேசியது)



பெயர் சூட்டு விழா என்று அழைத்தீர்கள். வந்து பார்த்தால் பெயரே இன்னும் முடிவாகவில்லை! தகப்பன் ஒரு பெயரைச் சொல்கிறான். அது என் வாயில் நுழையவில்லை என்கிறார் அப்பாயி. திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து லீவு போட்டு வந்திருக்கிற தாய்மாமன், செல்போனைத் திறந்து மூன்றாவதாக ஒரு பெயரைக் காட்டுகிறான். தொட்டிலிலே கிடக்கிற பெண் குழந்தை இதையெல்லாம் சட்டை செய்யாமல் தூங்குகிறது. "நீங்களே தீர்த்துச் சொல்லிவிடுங்கள், தோழர்" என்று கடைசியில் நம் தலையில் கட்டிவிட்டீர்கள். தீர்ப்பு நாம் சொல்லப் போவதில்லை. வழக்கை மட்டும் பேசிப் பார்ப்போம்.

தகப்பன் சொல்கிற பெயர் வாலெண்டினா. யார் இந்த வாலெண்டினா? 1963 ஜூன் 16ந் தேதி வோஸ்தோக்-6 கப்பலில் ஏறி விண்வெளிக்குப் போன உலகத்தின் முதல் பெண், வாலெண்டினா தெரஷ்கோவா. மூன்று நாள் அளவுக்கு வானத்திலே இருந்து, பூமியை 48 முறை சுற்றி வந்தார். அவர் என்ன ராஜா வீட்டுப் பெண்ணா? தகப்பனார் டிராக்டர் ஓட்டியவர். யுத்தத்திலே மாண்டு போனார். தாயார் ஜவுளி ஆலைத் தொழிலாளி. மகளும் யாரோஸ்லாவில் நகரத்து ஆலையிலே வேலை செய்தவர்தான். இந்த வீட்டைப் பாருங்கள்: தகப்பன் அறுவடை மிஷின் ஓட்டுகிறான், மாமன் பனியன் தைக்கிறான். அந்தப் பெயரை இவர்கள் ஆசைப்படுவதில் என்ன அதிசயம்?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும. 2020இல் ரஷ்ய நாடாளுமன்றத்தில் எழுந்து, புதின் மறுபடியும் தேர்தலில் நிற்பதற்கு வழிவிடும் திருத்தத்தைக் கொண்டு வந்தவரும் இதே அம்மையார்தான். ஒருவர் வாழும் காலத்திலேயே அவர் பெயரை எடுத்துப் பிள்ளைக்கு வைத்தால் இப்படிச் சங்கடம் வரத்தான் செய்யும். "நாங்கள் வைப்பது 1963ம் வருஷத்து வாலெண்டினாவின் பெயர்" என்கிறான் தகப்பன். சரி, இருக்கட்டும்.

இனி அப்பாயியின் கட்சியைக் கேட்போம். அவர் இரண்டு காரணம் சொல்கிறார். ஒன்று, வாய் திரும்பவில்லை. இரண்டு, பள்ளிக்கூடத்திலே பிள்ளைகள் 'வாலு, வாலு' என்று கேலி செய்யும். இரண்டையும் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது, தோழர்களே. ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போகிறவர் யார்? தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளையை இடுப்பிலே வைத்திருக்கப் போகிறவர் இந்த அப்பாயிதான்.

ஆனால் பெயர் வைக்கும் உரிமை இந்தத் தெருவுக்கு எப்படி வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பண்ணையாள் காலத்திலே ஆண்டை வீட்டு ஐந்து வயதுப் பிள்ளை, அறுபது வயதுக் கிழவரை 'டேய்' போட்டு அழைக்கும். கிழவர் அந்தப் பிள்ளையைச் 'சின்ன ஆண்டே' என்பார். நம்மவர் முனுசாமி என்று ஆசையாக வைத்தாலும், பண்ணையிலே அது முனியன்தான், சாமி போய்விடும். பெற்ற பிள்ளை தங்காமல் போகப் போக, எமனாவது இதை வேண்டாமென்று விட்டுப் போகட்டும் என்று குப்பையிலே புரட்டி எடுத்துக் குப்பு என்றும், பிச்சை என்றும், மண்ணாங்கட்டி என்றும் பெயர் வைத்தார்கள். இந்தப் பெயர்கள் யாருடைய வாயிலும் சுலபமாக நுழைந்தன. சுலபமான பெயர் என்பதற்காக யாராவது மரியாதை கொடுத்தார்களா? மில் தோழர்களைக் கேளுங்கள். பெயரே இல்லாமல் டோக்கன் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டார்களே, அதைவிடச் சுலபம் ஏது!

அதே குப்பு என்கிற பெயரைக் கேட்டுக் கீழத்தஞ்சை எழுந்து நின்ற காலமும் வந்தது. களப்பால் குப்பு 1948இல் சிறையிலே மாண்டார். அதற்குப் பிறகு அந்தப் பெயரிலே குப்பை எங்கே இருந்தது?

அவரோடு சேர்ந்து நின்ற தலைவரின் கதை இன்னும் பொருத்தம். பி. சீனிவாசராவ் தென் கன்னடத்திலே பிறந்தவர். தாய்மொழி கன்னடம். 1943இல் கட்சி அவரை இங்கே அனுப்பியது. அவர் பெயரின் முதலெழுத்து 'ஸ்ரீ'. நம்மவர் நாக்கு அதற்கு வளையவில்லை. சீனி என்றார்கள்; இனிப்பாகத்தான் இருந்தது. அவர் கோபித்துக்கொண்டாரா? தென்பரையிலே சங்கம் வைத்தார். 1944இல் களப்பாலிலும் மன்னார்குடியிலும் மிராசுதார்களைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்து வந்து, சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் முடிவு கட்டினார். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961இல் அவர் மறைந்தார். இந்தப் பக்கத்துச் சேரிகளிலே சீனிவாசராவ் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வந்தது. 'ராவ்' என்பது எந்தத் தேசத்துப் பெயர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

லெனின், ஸ்டாலின், ஜென்னி, ஹோசிமின் என்ற பெயர்களும் அப்படித்தான் வந்தன. சோவியத் நாட்டைப் பார்த்துவிட்டு 1932இல் திரும்பிய பெரியார், ரஷ்யா என்றும் மாஸ்கோ என்றும்கூடக் குழந்தைகளுக்குப் பெயர் வைத்தார். நம் திருக்குவளைக்காரர் கருணாநிதி, 1953 மார்ச் 1ந் தேதி பிறந்த தம் மகனுக்கு அய்யாத்துரை என்று வைப்பதாக இருந்தார். மார்ச் 5ந் தேதி ஸ்டாலின் மறைந்தார். இரங்கல் கூட்டத்திலே மகனின் பெயர் ஸ்டாலின் என்று அறிவித்துவிட்டார். அந்த ஸ்டாலினே பிறவிப் பெயர் அல்ல. அவருடைய குடும்பப் பெயர் ஜுகாஷ்விலி. நல்ல வேளை, அதை யாரும் வைக்கவில்லை!

லெனின் என்று கூப்பிட வேண்டி வந்தபோது பண்ணைக் கணக்கப்பிள்ளைக்கும் வாய் திரும்பவில்லை. நம் பாட்டிமாருக்கும் வாய் திரும்பவில்லை. இரண்டும் ஒன்றா? கணக்கப்பிள்ளைக்கு நுழையாதது எழுத்தல்ல. இங்கிலீஷ் துரை பெயர்களையெல்லாம் பிசகாமல் சொன்ன வாய்தானே அது? பாட்டியோ 'இஸ்டாலினு, சாப்பிட வாடா' என்றாள். மெய்யெழுத்தைக் கொண்டு தமிழ்ச் சொல் தொடங்காது என்பது இலக்கணம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டி அந்த இலக்கணப்படி முன்னே ஓர் 'இ' போட்டுக்கொண்டாள். அது தவறென்றால் கம்பனும் தவறுதான். தேரழுந்தூரிலே பிறந்த நம் காவிரிக்கரைக் கம்பன் லக்ஷ்மணனை இலக்குவன் ஆக்கினான், விபீஷணனை வீடணன் ஆக்கினான். புலவர் செய்தால் கவிதை, நம் பாட்டி செய்தால் கொச்சையா?

அதற்காக எந்தப் பெயரையும் இழுத்து வளைத்து வைத்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. ஜீவாவின் கதை தெரியுமல்லவா? பெற்றோர் குலதெய்வத்தை நினைத்து வைத்த பெயர் சொரிமுத்து. பிறகு ஜீவானந்தம் ஆனார். தனித்தமிழ்ப் பற்றிலே அதையும் உயிரின்பன் என்று மாற்றிக்கொண்டார். மறைமலையடிகளைப் பார்க்கப் பல்லாவரம் போய்க் கதவைத் தட்டினாராம். உள்ளேயிருந்து, "யாரது, போஸ்ட்மேனா?" என்று குரல் வந்ததாம். பலரும் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை. உயிரின்பன் நல்ல பெயர்தான். ஆனாலும் மீண்டும் ஜீவானந்தமே ஆனார். தொழிலாளிகள் அதையும் வெட்டி 'ஜீவா' என்றார்கள். அதுதான் நிலைத்தது.

மாமன் செல்போனில் காட்டுகிற பெயருக்கு வருவோம். அதிலே ஒரு ஹ, ஒரு க்ஷ, ஒரு ஷ. அர்த்தம் என்ன தம்பி என்றால் தெரியவில்லை. நட்சத்திரத்துக்கு இந்த எழுத்துத்தான் வர வேண்டும் என்று ஜோசியர் சொன்னாராம். எண் கணிதப்படி இங்கிலீஷிலே ஓர் எழுத்து கூட்டிப் போட வேண்டுமாம். அசுவினியிலே பிறந்தால் சூ, சே, சோ, லா என்று பஞ்சாங்கம் எழுத்தை அளந்து கொடுக்கிறது. ஆண்டை அளந்த காலம் போய்ப் பஞ்சாங்கம் அளக்கிற காலமா? தம்பி கோபிக்கக் கூடாது. வாலெண்டினாவுக்காக அப்பாயி நாக்கை வருத்திக்கொண்டால் அதற்கு ஒரு கதை கிடைக்கும். இந்தப் பெயருக்கு என்ன கிடைக்கும்?

இன்னொரு காரியமும் இருக்கிறது. பிறப்புப் பதிவிலே ஓர் எழுத்து, ஆதாரிலே ஓர் எழுத்து, பாங்குப் புத்தகத்திலே ஓர் எழுத்து என்று இருந்து, நூறு நாள் வேலைக் கூலி நின்றுபோய் அலைந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். தமிழ்ப் பெயரென்றாலும் தப்பில்லை. எழிலரசியின் 'ழ'வை இங்கிலீஷிலே ஆளுக்கொரு விதமாக எழுதிவிடுகிறார்கள். எந்தப் பெயர் ஆனாலும் தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு தாளிலே தெளிவாக எழுதிக் கையோடு கொண்டு போங்கள். எழுதுகிறவர் காதால் கேட்டு எழுத விடாதீர்கள். 1969ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி பெயரில்லாமல் பிறப்பைப் பதிந்துவிட்டுப் பிறகும் பெயர் சேர்க்கலாம். 12 மாதத்துக்குள் என்றால் கட்டணமில்லை. ஆகவே இன்றைக்கே முடிக்க வேண்டும் என்ற அவசரம் எதுவுமில்லை.

நாம் பேசிக்கொண்டிருக்கிறபோது அப்பாயி தொட்டில் பக்கத்திலே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாலண்டி என்றார், வாலாந்தினா என்றார், கடைசியிலே வாலாம்பா என்றார். நீங்கள் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டாம். மணலூர் மணியம்மாவுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் வாலாம்பாள் என்றுதான் சொல்வார்கள். அக்கிரகாரத்திலே விதவையாக மூலையில் உட்கார வைக்கப்பட்டவர். தலைமுடியைக் கிராப்பு வெட்டி, வேட்டி சட்டை போட்டு, சிலம்பம் பழகி, சேரி சேரியாக வந்து நம்மோடு நின்றவர். 1953இல் மறைந்தார். அவர் நடந்த பூமி இங்கிருந்து ரொம்ப தூரமில்லை.

அம்மா, இன்னொரு தடவை கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடுங்கள். பிள்ளை கண் விழிக்கிறதா பார்ப்போம்.